உளவுக் குற்றச்சாட்டும் சான்றின் எடையும்: அமெரிக்க அரசு அலுவலர்கள் மீதான சோவியத் உளவு வழக்குகள்

அமெரிக்க அரசின் அலுவலர்கள் சிலர் சோவியத் ஒன்றியத்துக்கு உளவு சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டு, 1945 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அந்நாட்டின் அரசியலை ஆட்டிவைத்தது. வெளியுறவுத் துறையின் ஆல்ஜர் ஹிஸ், நிதித் துறையின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட், அதிபர் ரூஸ்வெல்ட்டின் உதவியாளர் லாக்லின் கர்ரி ஆகியோர் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முக்கியமானவர்கள். ஒரு சாரார் இவர்கள் அனைவரையும் துரோகிகள் என்றனர். மறு சாரார் அனைவரையும் அரசியல் வேட்டைக்குப் பலியான அப்பாவிகள் என்றனர். 1990-களில் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் ஆவணங்கள் வெளிவரத் தொடங்கியபின் இந்த இரண்டு கட்சிகளும் தங்கள் பழைய நிலையில் அப்படியே நிற்க முடியவில்லை. யார், எதை, எப்போது, யாருக்குக் கொடுத்தார், அதை எந்தச் சான்று காட்டுகிறது என்று ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியே கேட்டால்தான் இதற்கு நேர்மையான விடை கிடைக்கும்.

உளவு வழக்கின் தனிச் சிக்கல்

திருட்டில் பொருள் காணாமல் போகிறது. கொலையில் உடல் கிடைக்கிறது. உளவிலோ தாள் அலுவலகத்திலேயே இருக்கும். அதன் நகல் மட்டும் வெளியே போயிருக்கும். செய்தவரும் பெற்றவரும் தவிர மூன்றாமவர் கண்ணில் அது படுவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் அரசும் தன்னிடமுள்ள வலுவான சான்றை நீதிமன்றத்தில் வைக்கத் தயங்குகிறது. வைத்தால் அது கிடைத்த வழி எதிரிக்குத் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு, அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அமைதிக்கால உளவுக் குற்றத்துக்கு மூன்றாண்டுக் காலவரம்பு இருந்தது. 1930-களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட செயல்களுக்கு 1948-ல் உளவு வழக்கே தொடுக்க முடியவில்லை. அதனால்தான் ஹிஸ் போன்றவர்கள் உளவுக்காக அல்ல, பொய்ச்சாட்சியத்துக்காகக் கூண்டில் நிறுத்தப்பட்டனர்.

இந்த விவாதத்தில் கையாளப்படும் சான்றுகள் பெரும்பாலும் நான்கு வகையைச் சேர்ந்தவை: உளவு வலையிலிருந்து விலகியவர்களின் வாக்குமூலம், கைப்பற்றப்பட்ட தாள்கள், இடைமறித்துப் படிக்கப்பட்ட சோவியத் தந்திகள், சோவியத் காப்பக ஆவணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வலிமை உண்டு. தனிப் பலவீனமும் உண்டு.

விலகி வந்தவர்களின் வாக்குமூலம்

விட்டேக்கர் சேம்பர்ஸ் 1930-களில் வாஷிங்டனில் சோவியத் ராணுவ உளவுத் துறையான ஜி.ஆர்.யூ.-வுக்குத் தாள்கள் சேகரித்துக் கொடுத்தவர். 1938-ல் விலகினார். 1939 செப்டம்பர் 2 அன்று வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் அடால்ஃப் பெர்லியைச் சந்தித்துப் பெயர்களைச் சொன்னார். அப்போது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1948 ஆகஸ்ட் 3 அன்று பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோதச் செயல்கள் விசாரணைக் குழுவின் முன் அவர் ஹிஸ்ஸின் பெயரைச் சொன்ன பிறகே நாடு அதிர்ந்தது.

எலிசபெத் பென்ட்லி போர்க்காலத்தில் வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தகவல் சுமந்தவர். 1945 நவம்பரில் எஃப்.பி.ஐ.-யிடம் விரிவான வாக்குமூலம் கொடுத்து, எண்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சொன்னார். ஆனால் அவர் கையில் ஒரு தாள்கூட இல்லை. அவர் விலகிய செய்தியை லண்டனில் இருந்த சோவியத் உளவாளி கிம் ஃபில்பி மாஸ்கோவுக்குத் தெரிவித்துவிட்டதால், சோவியத் அதிகாரிகள் தொடர்புகளை உடனே துண்டித்தனர். எஃப்.பி.ஐ. மாதக்கணக்கில் பின்தொடர்ந்தும் ஒட்டுக்கேட்டும் யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாமல் போனது.

இத்தகைய சாட்சிகளை எடைபோடும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. முதலாவது, சாட்சி தானே கண்டதா, கேள்விப்பட்டதா? பென்ட்லி ஒயிட்டையோ கர்ரியையோ நேரில் சந்தித்ததில்லை. கிரிகரி சில்வர்மாஸ்டர் போன்ற இடையாட்கள் சொன்னதையே சொன்னார். இரண்டாவது, சொன்னது மாறியதா? சேம்பர்ஸ் முதலில் உளவு எதுவும் நடக்கவில்லை என்றே சத்தியம் செய்து சொன்னார். கம்யூனிஸ்ட் கட்சியைவிட்டு விலகிய காலத்தையும் 1937 என்று சொல்லிப் பின்னர் 1938 ஏப்ரலுக்கு மாற்றினார். மூன்றாவது, சாட்சிக்கு ஆதாயம் இருந்ததா? வணிகத் துறைப் பொருளாதார அறிஞர் வில்லியம் ரெமிங்டனைக் குற்றம் சாட்டிய விசாரணை ஜூரியின் தலைவர், பென்ட்லியின் நூலாக்கத்தில் அவருக்குத் துணைபுரிந்து, அதில் பணப் பங்குக்கும் உடன்பட்டிருந்தவர்.

இந்தக் குறைகள் உண்மையானவை. ஆயினும் குறையுள்ள சாட்சி சொன்னதெல்லாம் பொய் என்று முடிவுகட்டுவதும் தவறே. பென்ட்லியை நரம்புத்தளர்ச்சி கொண்ட கற்பனைக்காரி என்று பலர் பல ஆண்டுகள் ஏளனம் செய்தனர். பின்னர் வெளிவந்த தந்திகளில் அவருடைய சங்கேதப் பெயரும், அவர் சொன்ன குழுக்களும், குழுவினரின் வேலையும் இடம்பெற்றிருந்தன. அவர் பிற்காலத்தில் சேர்த்த சில அலங்காரங்கள் நிற்கவில்லை. 1945-ல் சொன்னதன் அடித்தளம் நின்றது. பொதுவாக, பழைய வாக்குமூலம் புதியதைவிட நம்பத்தக்கது. நேரில் கண்டது கேள்விப்பட்டதைவிட நம்பத்தக்கது.

கையில் கிடைத்த தாள்கள்

சேம்பர்ஸ் மீது ஹிஸ் அவதூறு வழக்குத் தொடுத்ததும் நிலைமை மாறியது. உறவினர் வீட்டில் பத்தாண்டுகள் ஒளித்துவைத்திருந்த உறையை எடுத்துவந்த சேம்பர்ஸ், 1948 நவம்பர் 17 அன்று 65 தட்டச்சுப் பக்கங்களையும் ஹிஸ்ஸின் கையெழுத்தில் இருந்த 4 குறிப்புகளையும் ஒப்படைத்தார். டிசம்பர் 2 அன்று தம் பண்ணையில் குடைந்த பூசணிக்காய்க்குள் வைத்திருந்த மைக்ரோஃபிலிம் சுருள்களைக் கொடுத்தார். தாள்கள் 1938-ன் முதல் மாதங்களைச் சேர்ந்த வெளியுறவுத் துறை ஆவணங்களின் நகல்களும் சுருக்கங்களும் ஆகும்.

தட்டச்சுப் பக்கங்களின் எழுத்துகளை எஃப்.பி.ஐ. வல்லுநர், ஹிஸ் குடும்பத்தார் அதே காலத்தில் தட்டச்சு செய்த பழைய கடிதங்களோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே இயந்திரத்தில் அடிக்கப்பட்டவை என்றார். ஹிஸ்ஸின் வழக்கறிஞர்கள் தேடிப்பிடித்த உட்ஸ்டாக் தட்டச்சுப்பொறி பிற்பாடு பெரும் சர்ச்சைக்கு உள்ளானது. போலி இயந்திரம் செய்து சிக்கவைத்தனர் என்று ஹிஸ் தரப்பு வாதாடியது. ஆனால் ஒப்பீடு அந்த இயந்திரத்தைச் சார்ந்ததல்ல, கடிதங்களைச் சார்ந்தது. ஆகவே இயந்திரம் குறித்த ஐயம் தாள்களின் எடையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. முதல் விசாரணையில் ஜூரி 8-க்கு 4 எனப் பிரிந்தது. இரண்டாம் விசாரணையில் 1950 ஜனவரி 21 அன்று ஹிஸ் பொய்ச்சாட்சியக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஐந்தாண்டுத் தண்டனையில் 44 மாதங்களைச் சிறையில் கழித்த அவர், 1996-ல் இறக்கும்வரை தாம் குற்றமற்றவர் என்றே சொல்லிவந்தார்.

ஒரு தாள் சாட்சியின் கையில் இருந்தது என்பதைத் தாளே காட்டும். எப்படி வந்தது என்பதைக் காட்டாது. அதைத் தேதி, கையெழுத்து, தட்டச்சு, புழங்கிய அலுவலகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஹிஸ் வழக்கில் இவை நான்கும் ஒரே வீட்டை நோக்கிக் கைகாட்டின.

வெனோனா தந்திகள்

அமெரிக்க ராணுவத்தின் சங்கேதப் பிரிவு 1943 பிப்ரவரியில், வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டன் ஹாலில் சோவியத் தந்திகளை ஆராயத் தொடங்கியது. ஒரு பக்கத்தை ஒரே முறை பயன்படுத்தி அழித்துவிடும் சங்கேத ஏடுகளை சோவியத் அதிகாரிகள் கையாண்டனர். முறையாகப் பயன்படுத்தினால் இவற்றை உடைக்கவே முடியாது. ஆனால் 1942-ல் போர் நெருக்கடியில் ஏடு அச்சிட்டவர்கள் சுமார் 35,000 பக்கங்களை இருமுறை அச்சிட்டுவிட்டனர். அந்தப் பிழை வழியாகவே உள்ளே நுழைய முடிந்தது. 1946 டிசம்பரில் மெரடித் கார்ட்னர் படித்த ஒரு தந்தியில் அணுகுண்டுத் திட்ட விஞ்ஞானிகளின் பெயர்ப்பட்டியல் இருந்தது. வெனோனா எனப்பட்ட இந்தப் பணி 1980-ல் முடிந்தபோது ஏறத்தாழ 3,000 தந்திகள் முழுமையாகவோ பகுதியாகவோ படிக்கப்பட்டிருந்தன. 1995 ஜூலையில்தான் இவை மக்கள் பார்வைக்கு வந்தன.

இத்தந்திகளின் பெரும் வலிமை, எழுதியவர்களின் நோக்கம். அவை அமெரிக்க நீதிமன்றத்துக்காகவோ வாசகருக்காகவோ எழுதப்பட்டவை அல்ல; உளவு அதிகாரி தம் மேலிடத்துக்கு அனுப்பிய அன்றாட அலுவல் அறிக்கைகள். யாரோ சிக்கவைக்கப் புனைந்தவை என்ற வாதம் இங்கே எடுபடாது. களத்தில் இருந்தவர்கள் தங்கள் சாதனையைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் ஸ்டாலின் காலத்து உளவுத் துறையில் பொய் அறிக்கை அனுப்புவது உயிருக்கே ஆபத்து. மாஸ்கோ வேறு வழிகளிலும் சரிபார்த்தது. மிகைப்படுத்தல் இருக்கலாம், முழுக்கற்பனைக்கு வாய்ப்புக் குறைவு.

பலவீனங்களும் சிறியவை அல்ல. முதலாவது, படிக்கப்பட்டது ஒரு சிறு பகுதி. நியூயார்க்கிலிருந்து 1944-ல் சென்ற அரசு உளவுத் துறைத் தந்திகளில் ஏறக்குறையப் பாதி படிக்கப்பட்டது. 1942-ஐச் சேர்ந்தவற்றில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஒருவரின் பெயர் இல்லாததைக் கொண்டு அவர் குற்றமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது, ஆட்கள் சங்கேதப் பெயரால் குறிக்கப்பட்டனர். வரலாற்றாய்வாளர்கள் ஜான் எர்ல் ஹேய்ன்ஸும் ஹார்வி க்ளேரும் சோவியத் உளவுத் துறையோடு மறைவான உறவு கொண்டிருந்ததாகக் கணக்கிட்ட 349 பேரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோரின் உண்மைப் பெயரே தெரிகிறது. மூன்றாவது, சங்கேதப் பெயர் இருப்பதே குற்றமாகாது. அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும் ‘கேப்டன்’ என்ற பெயர் இருந்தது. பேச்சில் இடம்பெறும் எவருக்கும் பெயர் சூட்டுவது அவர்கள் வழக்கம்.

அடையாளம் காண்பதில் உள்ள சிக்கலுக்கு 1945 மார்ச் 30-ஆம் தேதியிட்ட 1822-ஆம் எண் தந்தி நல்ல எடுத்துக்காட்டு. ‘ஏல்ஸ்’ என்பவர் 1935 முதல் ராணுவ உளவுத் துறையோடு தொடர்ந்து இயங்குபவர். பெரும்பாலும் உறவினர்களே அடங்கிய சிறு குழுவின் தலைவர். யால்டா மாநாட்டுக்குப் பின் மாஸ்கோவில் சோவியத் உயர் அதிகாரி ஒருவர் இவருக்கு நன்றி தெரிவித்ததாகக் கருதப்படுகிறது என்கிறது அது. ‘அநேகமாக ஆல்ஜர் ஹிஸ்’ என்று அடிக்குறிப்பு எழுதப்பட்டது. யால்டாவிலிருந்து மாஸ்கோ சென்ற அமெரிக்கக் குழு மிகச் சிறியது. அதில் ஹிஸ் இருந்தார். 2007-ல் கை பேர்டும் ஸ்வெட்லானா செர்வோன்னயாவும், ஏல்ஸ் வைல்டர் ஃபூட் என்ற வேறொரு அலுவலராக இருக்கலாம் என்று வாதிட்டனர். ஆனால் ஃபூட் 1935-ல் வெர்மான்ட் மாநிலத்தில் செய்தித்தாள் நடத்திக்கொண்டிருந்தவர்; தந்தியின் மற்ற அடையாளங்கள் அவருக்குப் பொருந்தவில்லை. ‘அநேகமாக’ என்ற சொல் இன்றும் தேவைதான். எனினும் தந்தியில் சொல்லப்பட்ட அடையாளங்கள் கூடக்கூட ஹிஸ்ஸைத் தவிர வேறொருவர் அதில் பொருந்துவது கடினமாகிறது.

எதிர்த்திசையில் ஒரு பாடம் ஹாரி ஹாப்கின்ஸுடையது. 1943 மே மாதத் தந்தி ஒன்றில் ‘19’ என்ற ஆள், ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசியதைச் சொல்கிறார். அவர் ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய ஆலோசகர் ஹாப்கின்ஸ் என்று வரலாற்றாய்வாளர் எட்வர்ட் மார்க் 1998-ல் வாதிட்டார். அறையில் யார் யார் இருந்திருக்க முடியும் என்று ஒவ்வொருவராகக் கழித்து வந்த முடிவு அது. பின்னர் வெளிவந்த சோவியத் காப்பகக் குறிப்புகள் ‘19’ என்பவர் வெளியுறவுத் துறையின் லாரன்ஸ் டகன் என்று காட்டின. ஹாப்கின்ஸ் மீதான குற்றச்சாட்டின் முக்கியத் தூண் அதோடு விழுந்தது. அவர் பெயரைப் பழித்து எழுதியவர்கள் அதைத் திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

மாஸ்கோவின் காப்பகங்கள்

1992-ல் ரஷ்ய ராணுவ வரலாற்றாசிரியர் டிமிட்ரி வோல்கோகோனவ், ஹிஸ் சோவியத் உளவாளியாக இருந்ததற்குத் தாம் தேடியதில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தார். ஹிஸ்ஸின் ஆதரவாளர்கள் அதைக் குற்றமின்மைச் சான்றிதழாகக் கொண்டாடினர். சில வாரங்களில் அவரே தம் தேடல் மிகக் குறுகியது என்று விளக்கினார். ஹிஸ் பணிபுரிந்ததாகச் சொல்லப்படும் ஜி.ஆர்.யூ.-வின் காப்பகம் இன்றுவரை ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படவில்லை. பார்க்காத பெட்டியில் எதுவும் இல்லை என்று சொல்வது சான்றாகாது.

முன்னாள் கே.ஜி.பி. அதிகாரி அலெக்ஸாண்டர் வாசிலியேவ் 1990-களின் நடுப்பகுதியில் கே.ஜி.பி. காப்பகத்தில் அமர்ந்து கோப்புகளைக் கையால் எழுதி எடுத்த குறிப்பேடுகள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. அவற்றில் 1936-ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று ஹிஸ்ஸை உண்மைப் பெயராலேயே குறிக்கிறது. தாம் வெளியுறவுத் துறையின் நோயல் ஃபீல்டைச் சேர்க்க முயன்றபோது, அதே வேலையில் இருந்த ஹிஸ் குறுக்கிட்டார் என்ற முன்னாள் சோவியத் உளவாளி ஹேடா மாசிங்கின் நீதிமன்றச் சாட்சியத்தோடு அது பொருந்துகிறது. ஆனால் இவை கைப்பிரதிகள். மூலக் கோப்புகளை வேறு ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இந்தக் குறையை ஈடுசெய்வது ஒன்றே: குறிப்பேடுகள் சொல்வது வெனோனாவோடும் எஃப்.பி.ஐ. கோப்புகளோடும் எத்தனை இடங்களில் தாமாகவே ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது. அந்தச் சோதனையில் அவை பெரும்பாலும் தேறியுள்ளன.

நினைவுக்குறிப்புகளை இன்னும் குறைவாகவே நம்ப வேண்டியிருக்கிறது. 1994-ல் வெளிவந்த பாவெல் சுடோப்ளாடவின் நூல், ராபர்ட் ஓப்பன்ஹைமர், என்ரிகோ ஃபெர்மி, நீல்ஸ் போர் போன்ற விஞ்ஞானிகள் அணு ரகசியங்களைத் தெரிந்தே தந்தனர் என்றது. வாசிலியேவின் குறிப்புகளோ ஓப்பன்ஹைமரை வளைக்கச் செய்த முயற்சிகள் மீண்டும் மீண்டும் தோற்றதைக் காட்டின. முதுமையில் அரைநூற்றாண்டு கழித்துச் சொன்ன கதையைவிட, நிகழ்ந்த அன்றே எழுதிய அலுவலகத் தாள் மேலானது.

தொடர்பின் படிகள்

சோவியத் அதிகாரியோடு பேசியவர், கம்யூனிச அனுதாபி, கட்சி உறுப்பினர், தெரியாமல் தகவல் தந்தவர், தெரிந்தே ரகசியம் தந்தவர் என்று படிகள் பல. குற்றச்சாட்டுகளில் இவை கலந்துவிடுவதுதான் பெரும் அநீதி. ஒயிட்டின் வழக்கு இந்தப் படிகளை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியது.

பிரெட்டன் உட்ஸ் மாநாட்டின் சிற்பிகளுள் ஒருவரான ஒயிட், பன்னாட்டு நிதியத்தில் அமெரிக்காவின் முதல் நிர்வாக இயக்குநர். 1948 ஆகஸ்ட் 13 அன்று விசாரணைக் குழுவின் முன் தம் தரப்பை உறுதியாக எடுத்துரைத்து, மூன்றாம் நாள் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது வலுவானது: போர்க்காலத்தில் சோவியத் ஒன்றியம் நேச நாடு, அவர்களோடு பேசுவதே அவருடைய அலுவல். ஜெர்மனியில் புழங்கவிருந்த ராணுவ நாணயத்தின் அச்சுத்தகடுகளை சோவியத்துக்குக் கொடுத்தது அவருடைய சதி என்ற குற்றச்சாட்டும் வலுவற்றது. அரசின் பல பிரிவுகள் கலந்து எடுத்த முடிவு அது.

எதிராக நிற்பதும் வலுவானதே. அவருடைய கையெழுத்தில் 1938-ஆம் ஆண்டு அலுவல் குறிப்பொன்று சேம்பர்ஸின் உறையில் இருந்தது. 1944 ஆகஸ்ட் தந்தி ஒன்று, சோவியத் அதிகாரியோடு இனி நடக்கும் பேச்சுகளைத் தம் காரிலேயே போகிறபோக்கில் அரைமணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் யோசனை சொன்னதாகத் தெரிவிக்கிறது. 1945-ல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் அமெரிக்கத் தரப்பின் பேரநிலை பற்றி அவர் சொன்னது இன்னொரு தந்தியில் உள்ளது. அலுவல் பேச்சுக்கு ஓடும் கார் தேவையில்லை. நாட்டுக்குக் கேடு செய்யும் நோக்கம் அவருக்கு இருந்தது என்பதை இவை நிறுவவில்லை; அனுமதியற்ற தகவலைத் தெரிந்தே தந்தார் என்பதைப் பெரிதும் நிறுவுகின்றன. செயல் வேறு, நோக்கம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும்.

மூன்று மன்றங்கள், மூன்று அளவுகோல்கள்

முதல் மன்றம் நீதிமன்றம். நீதித்துறையில் பணிபுரிந்த ஜூடித் காப்லனை வெனோனா காட்டிக்கொடுத்தது. எஃப்.பி.ஐ. பொய்த்தாள் ஒன்றைத் தூண்டிலாக வைத்து, 1949 மார்ச்சில் சோவியத் தொடர்பாளருடன் இருந்தபோது அவரைக் கைதுசெய்தது. ஆனால் பிடியாணை இல்லாமல் கைது, தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆகிய காரணங்களால் தண்டனைகள் நிலைக்கவில்லை. குற்றம் தெளிவாகவே இருப்பதாக எழுதிய நீதிபதி லேர்னட் ஹேண்டே தீர்ப்பை ரத்துசெய்தார். லாஸ் அலமோஸ் விஞ்ஞானி தியடோர் ஹால் மீது வழக்கே தொடரப்படவில்லை. அவருக்கு எதிரான சான்று வெனோனாவில் மட்டுமே இருந்தது. நீதிமன்றம் ஐயத்துக்கு இடமற்ற நிரூபணத்தை, சட்டப்படி கிடைத்த சான்றால் கேட்கிறது. விடுதலை ஆனவர் குற்றம் செய்யாதவர் என்றோ, தண்டிக்கப்படாதவர் தூயவர் என்றோ வரலாறு முடிவுகட்ட வேண்டியதில்லை.

அரசின் விசுவாசச் சோதனை இதற்கு நேர்மாறானது. அதிபர் ட்ரூமன் 1947 மார்ச்சில் பிறப்பித்த ஆணையின்படி அலுவலர்கள் விசாரிக்கப்பட்டனர். குற்றம் சாட்டியவர் யார் என்பது பலருக்குச் சொல்லப்படவில்லை. 1951-ல் விதி மேலும் கடுமையாகி, விசுவாசத்தில் நியாயமான ஐயம் இருந்தாலே வேலைநீக்கம் செய்யலாம் என்றானது. நிரூபிக்கும் சுமை அரசின் தோளிலிருந்து அலுவலரின் தோளுக்கு மாறியது. 1954-ல் ஓப்பன்ஹைமர் பாதுகாப்பு அனுமதி இழந்ததும் இத்தகைய அளவுகோலால்தான். அம்முடிவை அமெரிக்க அரசே 2022 டிசம்பரில் ரத்துசெய்தது.

அரசியல் மேடைக்கோ அளவுகோலே இல்லை. 1950 பிப்ரவரி 9 அன்று வீலிங் நகரில் மேலவை உறுப்பினர் ஜோசஃப் மெக்கார்த்தி வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்டுகள் இருப்பதாகச் சொன்னார். பின்னர் எண்ணிக்கை 57 ஆனது. மேலவையில் 81 ஆனது. அவர் பேசியபோது, சான்றுள்ள முக்கியமான ஆட்கள் பலர் அரசைவிட்டுப் போயிருந்தனர் அல்லது இறந்திருந்தனர். 1954 டிசம்பரில் மேலவை 67-க்கு 22 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. அவருடைய புளுகு உண்மையான வழக்குகளின் மீதும் கறையாகப் படிந்து, பென்ட்லியும் சேம்பர்ஸும் சொன்னதைப் பல ஆண்டுகள் நம்பவிடாமல் செய்தது.

இதன் மனித விலையை டகனின் முடிவு காட்டுகிறது. எஃப்.பி.ஐ. விசாரித்த பத்தாம் நாள், 1948 டிசம்பர் 20 அன்று, நியூயார்க்கில் 16-ஆம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அன்றிரவே விசாரணைக் குழு உறுப்பினர் ஒருவர் அவர் பெயரைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அரசின் தலைமை வழக்கறிஞரோ அவர் விசுவாசமான குடிமகன் என்றார். அவர் 1930-களில் தகவல் தந்ததைக் காப்பகக் குறிப்புகள் பின்னர் உறுதிசெய்தன. அதனால் அன்று அவர் பெயரைக் கையாண்ட விதம் நியாயமாகிவிடாது.

எடைபோடும் முறை

இவற்றிலிருந்து சில விதிகள் தேறுகின்றன. ஒரே ஊற்றிலிருந்து வந்த பத்துச் சாட்சியங்கள் ஒன்றாகவே எண்ணப்பட வேண்டும். வேறு வேறு ஊற்றுகளிலிருந்து வந்து ஒத்துப்போகும் இரண்டே சான்றுகள் அவற்றைவிட எடை மிகுந்தவை. ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்தால் நம்பலாம் என்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் வகுத்ததும் இதே விதிதான். ஒருவரையொருவர் அறியாமை என்பதே அதன் உயிர்நாடி. அடுத்து, காலத்தால் முந்திய தாள் பிந்திய நினைவை வெல்லும். சங்கேதப் பெயருக்கு ஆளைக் கண்டபின், அந்த ஆளுக்குப் பொருந்தாத விவரம் உண்டா என்றும் தேட வேண்டும். சான்றின்மை, தேட வேண்டிய இடங்கள் அனைத்தும் திறந்திருந்தால் மட்டுமே சான்றாகும். எது நிறுவப்பட்டது, அறிந்து செய்ததா, கேடு விளைந்ததா என்பவை தனித்தனிக் கேள்விகள்.

இந்த விதிகளின்படி பார்த்தால், ஹிஸ்ஸுக்கு எதிராக சேம்பர்ஸின் தாள்கள், மாசிங்கின் சாட்சியம், ஏல்ஸ் தந்தி, 1936 அறிக்கை ஆகியவை ஒன்றையொன்று சாராமல் ஒரே திசையில் நிற்கின்றன. பெரும்பாலான ஆய்வாளர் அவரைக் குற்றவாளி என்று கொள்வது இதனால்தான். ஒயிட் தகவல் தந்தார் என்பது உறுதிக்கு மிக அருகில் உள்ளது. ஏன் தந்தார் என்பதில் கருத்துவேறுபாடு தொடர்கிறது. ஹாப்கின்ஸ் மீதும் ஓப்பன்ஹைமர் மீதும் சாட்டிய உளவுக் குற்றம் நிற்கவில்லை. மெக்கார்த்தியின் பட்டியல்களை உளவுக்கான சான்றாக எவரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஜி.ஆர்.யூ. காப்பகம் திறக்கும் நாளில் இவற்றுள் சில மாறக்கூடும். மாறினால், இதே அளவுகோல்களால் மறுபடியும் எடைபோட்டே அந்த மாற்றத்தை ஏற்க வேண்டும்.